ஓடிக்கிட்டிருக்கிற புரோக்ராமில் கிளாஸை மாத்தினா, ஏற்கெனவே உள்ள ஆப்ஜெக்ட்டுகள் என்ன ஆகும்?

பணகுடிக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். பணகுடி, ராதாபுரம் பக்கம் உள்ள 48 காற்றாலைகள்ல இருந்து டேட்டா எடுக்கிற புரோக்ராம் ஒண்ணு. பைத்தான் 3.14, அசிங்க்ஐஓ (ஒரே த்ரெட்டில் பல வேலையை மாத்தி மாத்தி ஓட்டுற லைப்ரரி), ஒரே புராசஸ். மிஷினுக்கு ஒரு ஆப்ஜெக்ட், ஒரு டாஸ்க். 2 செகண்டுக்கு ஒரு தடவை மோட்பஸ் டிசிபி (மிஷின்கள் நெட்வொர்க்கில் பேசுற நெறிமுறை) வழியா படிக்கும். 15 நிமிஷ பிளாக் முடியும்போது கணக்கை எழுதும், ஒரு நாளைக்கு 96 பிளாக்.

'காற்றாலை'ங்கிற கிளாஸில் மூணு மாத்தம் வேணும்:

'திறன்' இப்ப கிலோவாட், தசமத்துல இருக்கு. வாட்டா, முழு எண்ணா ஆக்கணும்.
'கடைசி_நேரம்' நம்ம ஊர் நேரத்துல, மண்டலக் குறிப்பு இல்லாம கெடக்கு. யுடிசி (உலகப் பொது நேரம்) ஆக்கணும்.
'பிளாக்_தொடக்க_எண்ணி' புதுசா சேக்கணும். பிளாக் தொடங்கும்போது மிஷினோட மொத்த யூனிட் எண்ணி எவ்வளவு இருந்துச்சோ அது.

ஆடிக்காத்து அடிச்சிக்கிட்டு இருக்கு, நிறுத்த மனசு வரல. அதோட இங்க உள்ள கன்ட்ரோலர்கள் ஒரு நேரத்துல ஒரு இணைப்பு மட்டுந்தான் ஏத்துக்கிடும். புராசஸ் செத்துட்டா பழைய இணைப்பை அதுவா விடுற வரைக்கும் புதுசை உள்ள விடாது. டெஸ்ட் பெட்டியில மாட்யூலை ரீலோட் பண்ணிப் பாத்தா எர்ரர் எதுவும் வரல, ஆனா புது மெத்தட் ஒண்ணும் ஓடவும் இல்ல. எங்ஙன போறது?

குறுக்குத்துறை

தம்பி, எர்ரர் வராததுதான் இதில் ஆபத்தே. ரீலோட் என்ன செய்யும்? மாட்யூல் கோப்பை அதே பெயர்வெளியில் மேலிருந்து கீழாக மறுபடி ஓட்டும், அவ்வளவுதான். 'கிளாஸ் காற்றாலை' என்ற வரி இரண்டாம் தடவை ஓடும்போது பழைய கிளாஸ் திருத்தப்படுவதில்லை. அதே பெயரில் இன்னொரு கிளாஸ் பிறக்கிறது. மாட்யூலில் உள்ள பெயர் புதியதைக் காட்டும். உங்கள் 48 ஆப்ஜெக்ட்டுகளும் பழையதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஐடி எண்ணை அச்சடித்துப் பாருங்கள், வேறு வேறாக இருக்கும். பழைய ஆப்ஜெக்ட் புதிய கிளாஸைச் சேர்ந்ததா என்று ஐஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டால் பொய் என்று வரும். பிக்கிள் செய்ய, அதாவது ஆப்ஜெக்ட்டைச் சேமிக்கும் பைட்டுகளாக்கப் போனால் 'அதே ஆப்ஜெக்ட் இல்லை' என்று மறுக்கும். 'ஃப்ரம் டர்பைன் இம்போர்ட் காற்றாலை' என்று எடுத்து வைத்த மற்ற மாட்யூல்களிலும் பழையதே நிற்கும்.

போக இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் __கிளாஸ்__ பண்பையும் புதிய கிளாஸுக்குத் திருப்புவது. சாதாரண ஆப்ஜெக்ட் என்றால் நடக்கும், உள்ளே இருக்கும் மதிப்புகள் அப்படியே இருக்கும். __ஸ்லாட்ஸ்__ (எந்தெந்தப் பண்பு இருக்கலாம் என்ற நிலையான பட்டியல்) போட்டு, பழையதிலும் புதியதிலும் பட்டியல் வேறாக இருந்தால் டைப்எர்ரர் வரும்: நினைவக அமைப்பு ஒத்துப்போகவில்லை என்று. டேட்டாகிளாஸில் ஸ்லாட்ஸ் ட்ரூ போட்டிருந்தாலும் இதே கதிதான்.

இரண்டு, பழைய கிளாஸை அப்படியே வைத்துக்கொண்டு புது மெத்தட்களை அதன் மேல் ஒட்டுவது. இம்போர்ட் செய்தவர்கள் எல்லாருக்கும் தானாகப் போய்ச் சேரும் என்பதால் ஆசை காட்டும். ஆனால் மெத்தட்டுக்குள் அடைப்புக்குள் ஒன்றும் இல்லாத சூப்பர்() இருந்தால் உடையும். அது தான் எழுதப்பட்ட கிளாஸை ஒரு மறைவான செல்லில் வைத்திருக்கும். அந்தச் செல் புதிய கிளாஸைக் காட்டும். செல்ஃப் பழைய கிளாஸின் ஆப்ஜெக்ட். ஒன்றுக்கொன்று உறவில்லை என்று டைப்எர்ரர் வரும்.

உங்களுக்கு முதல் வழி. துணைக் கிளாஸ் இருந்தால் தாய் மாட்யூலை முதலில் ரீலோட் செய்து, பிறகு பிள்ளையைச் செய்யுங்கள். தாயை மட்டும் செய்தால் பிள்ளை பழைய தாயிடமே இருக்கும்.

இன்னொன்று: கிளாஸ் எந்தக் கோப்பில் இருக்கிறது? புரோக்ராமைத் தொடங்கிய கோப்பிலேயே இருந்தால் அதன் மாட்யூல் பெயர் __மெயின்__. அதை டர்பைன் என்று இம்போர்ட் செய்தால் தனியாக இன்னொரு பிரதி உருவாகும்.

பணகுடிக்காத்து

தனிக் கோப்புதான் அண்ணாச்சி. ஸ்லாட்ஸும் இல்ல, துணைக் கிளாஸும் இல்ல. அப்ப 48-க்கும் __கிளாஸ்__ திருப்பி, திறனை ஆயிரத்தால பெருக்கி, நேரத்தைக் கழிச்சு, புது ஃபீல்டுக்கு 0 போட்டா முடிஞ்சிருமா?

பொருநைக்கரை

0 போடாதீர்கள், தயவுசெய்து.

பிளாக் நடுவில் மாற்றுகிறீர்கள். அடுத்த பிளாக் முடியும்போது கணக்கு என்ன? இப்போதைய எண்ணி கழித்தல் தொடக்க எண்ணி. தொடக்கம் 0 என்றால், மிஷின் நிறுவிய நாளிலிருந்து ஓடிய மொத்த யூனிட்டும் அந்த ஒரு கால் மணி நேரத்தில் உற்பத்தியானதாகப் பதிவாகும். புதிய ஃபீல்டுக்கு முதல் மதிப்பு 'தெரியாது' என்பதுதான். பைத்தானில் நன். அல்லது, பிளாக் எல்லையில் எழுதின பதிவு டிஸ்கில் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துப் போடுங்கள். இரண்டாவதுதான் நல்லது, பிளாக் வீணாகாது.

இனி திறன் விஷயம். நான் காமன் லிஸ்ப் பக்கம் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் 1994 ஆன்சி தரத்திலேயே இந்தச் சிக்கலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே கிளாஸை வரையறுக்கும் டிஃப்கிளாஸை மறுபடி ஓட்டினால் புதிய கிளாஸ் பிறக்காது. அதே கிளாஸ் ஆப்ஜெக்ட் திருத்தப்படும். பழைய ஆப்ஜெக்ட்டுகள் உடனே மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுத்த தடவை அவற்றின் ஸ்லாட்டை (மதிப்பு வைக்கும் பண்பை) தொடுவதற்குள் மாறியிருக்க வேண்டும், அவ்வளவே. மாறும் நேரத்தில் அப்டேட்-இன்ஸ்டன்ஸ்-ஃபார்-ரீடிஃபைன்ட்-கிளாஸ் என்ற பொதுச் செயல்கூறு அழைக்கப்படும். அதன் கையில் மூன்று விவரம் வரும்: சேர்ந்த ஸ்லாட்டுகள், நீங்கிய ஸ்லாட்டுகள், நீங்கியவற்றின் பழைய மதிப்புகள்.

பாபநாசம் அணையை வைத்துப் பார்ப்போம். 'மட்டம்-அடி' என்ற ஸ்லாட்டை நீக்கி 'மட்டம்-மீட்டர்' சேர்த்தீர்கள். முழுக் கொள்ளளவில் 143 அடி. பழைய மதிப்புப் பட்டியலில் மட்டம்-அடி 143 என்று வரும், 0.3048-ஆல் பெருக்கி 43.59 மீட்டர் என்று புதிய ஸ்லாட்டில் வைப்பீர்கள். எந்தச் சந்தேகமும் இல்லை.

அதே ஸ்லாட்டை 'மட்டம்' என்றே வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்றினால்? சேர்ந்தது எதுவும் இல்லை, நீங்கியது எதுவும் இல்லை. 143 அப்படியே புதிய கிளாஸில் உட்கார்ந்திருக்கும். அது அடியா மீட்டரா என்று எந்தச் செயல்கூறாலும் கண்டுபிடிக்க முடியாது. மாற்றி முடித்த ஆப்ஜெக்ட்டை இன்னொரு தடவை மாற்றினாலும் தெரியாது. பொருள் மாறினால் பெயரும் மாற வேண்டும். 'திறன்' என்பதை விட்டுவிட்டு 'திறன்_வாட்' என்று வையுங்கள். 'கடைசி_நேரம்' போய் 'கடைசி_யுடிசி' வரட்டும்.

நேரத்தில் இன்னொரு குழி இருக்கிறது. நம் நேரத்துக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அதாவது சரியாக 22 பிளாக். எல்லைகள் கால் மணிக் கோட்டிலேயே விழுவதால் கண்ணுக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. ஆனால் நம் நள்ளிரவு 00:00 யுடிசியில் முந்தைய நாள் 18:30. பிளாக் 1 என்று எழுத வேண்டியது முந்தைய தேதியின் பிளாக் 75 என்று போகும். பிளாக் எண் கணக்கிடும் இடத்தில் மறுபடி நம் நேரத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பாளை_ஜாவா

ஜாவாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே இந்தப் பேச்சுக்கே இடம் குறைவு. 2002-இல் ஜேடிகே 1.4-உடன் வந்த ஹாட்ஸ்வாப் (ஓடும்போதே கோடை மாற்றும் வசதி) மெத்தட்டின் உடலை மட்டுமே மாற்றும். ஜாவா 5-இல் வந்த ரீடிஃபைன்கிளாசஸும் அதே வரம்புதான்: ஃபீல்டு சேர்த்தாலோ தாய்க் கிளாஸை மாற்றினாலோ அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்செப்ஷன். கிளாஸ்லோடரைப் புதிதாக்கிப் போனால் 'காற்றாலையைக் காற்றாலையாக மாற்ற முடியாது' என்று ஒரே பெயர் இரண்டு தடவை வரும் கிளாஸ்காஸ்ட் எர்ரர். அங்கே ஒரு கிளாஸ் என்பது பெயரும் அதை ஏற்றிய லோடரும் சேர்ந்தது. பழைய லோடரின் ஒரே ஒரு ஆப்ஜெக்ட் ஏதாவது த்ரெட்லோக்கலில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த லோடரின் கிளாஸ்கள் எல்லாம் மெட்டாஸ்பேஸை (கிளாஸ் விவரங்கள் இருக்கும் நினைவகத்தை) விட்டுப் போகாது.

வண்ணார்பேட்டை_டிபிஏ

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. இவ்வளவு பாடு எதற்கு? புதிய புராசஸைத் தொடங்கி, பழையது திறந்து வைத்திருக்கும் சாக்கெட்டுகளை அதனிடம் ஒப்படைத்தால் போதுமே. யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஃபைல் டிஸ்கிரிப்டரையே (திறந்த இணைப்பின் கைப்பிடியை) அனுப்பலாம், எஸ்சிஎம்_ரைட்ஸ். பைத்தான் 3.9-லிருந்து சென்ட்_எஃப்டிஎஸ், ரிசீவ்_எஃப்டிஎஸ் நேரடியாகவே இருக்கின்றன. கன்ட்ரோலருக்கு புராசஸ் மாறியதே தெரியாது. 48 ஆப்ஜெக்ட்டின் மதிப்புகளை ஜேசனில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ரீலோட், __கிளாஸ்__, செல் எதுவும் வேண்டாம்.

தச்சநல்லூர்க்காரி

நல்ல வழிதான், மறுக்கல. ஆனா அந்த ஜேசனை யார் படிக்கிறது? புது கிளாஸ். எழுதினது யார்? பழைய கிளாஸ். கிலோவாட்டை வாட்டாக்குற அதே ஃபங்ஷன் அங்கயும் வேணும்லா. இடம்தான் மாறுது, வேலை குறையல. சாக்கெட்டை ஒப்படைக்கும்போது பாதி வந்த பதில் பழைய புராசஸோட பஃபரில் கெடந்தா அது தொலைஞ்சு போகும். மோட்பஸ் டிசிபி தலைப்பு 7 பைட்: பரிமாற்ற எண் 2, நெறிமுறை எண் 2, நீளம் 2, யூனிட் எண் 1. புது புராசஸ் பரிமாற்ற எண்ணை 0-லேருந்து தொடங்கினா, பிந்தி வந்த பழைய பதிலைப் புதுக் கேள்விக்கு வந்ததா எடுத்துக்கிட வாய்ப்பிருக்கு. கடைசி எண்ணையும் சேத்துக் கொடுக்கணும்.

எர்லாங் மொழியில இதுக்கு ஒரு ஒழுங்கு வச்சிருக்காங்க, தம்பிக்கு அப்படியே பொருந்தும். ஒரு மாட்யூலுக்கு ரெண்டு பதிப்பு ஒரே நேரத்துல இருக்கலாம்: நடப்பு, பழசு. மாட்யூல் பேரோட சேத்துக் கூப்பிட்டா நடப்புக்குப் போகும். பேரில்லாம உள்ளுக்குள்ளயே கூப்பிட்டா ஓடிக்கிட்டிருக்கிற பதிப்புலயே சுத்தும். மூணாவது பதிப்பை ஏத்தணும்னா பழசைத் துடைக்கணும். அப்ப பழசுல இன்னும் நிக்கிற புராசஸைப் பர்ஜ் கொன்னுரும். சாஃப்ட்_பர்ஜ் கொல்லாது, 'ஆள் இருக்கு'ன்னு ஃபால்ஸ் சொல்லித் திரும்பிரும்.

ஜென்_சர்வர்னா நிலையை வச்சுக்கிட்டு மெசேஜுக்குப் பதில் சொல்ற புராசஸ்; அதோட நிலையை மாத்த மூணு படி: சிஸ் சஸ்பெண்ட், சிஸ் சேஞ்ச்_கோட், சிஸ் ரெஸ்யூம். சஸ்பெண்ட் ஆன புராசஸ் கையில உள்ள மெசேஜை முடிச்சிட்டு நிக்கும், புதுசு எடுக்காது. அப்பதான் கோட்_சேஞ்ச் பழைய நிலையை வாங்கிப் புது நிலையைத் திருப்பித் தரும். பின்னால போகும்போது பதிப்பு எண் 'டவுன்'னு சேர்ந்து வரும், அதுக்கும் ஃபங்ஷன்ல ஒரு தனிக் கிளை எழுதி வைக்கணும். இதுல முதல் படியைத்தான் நிறைய பேர் விடுதாங்க. ரெக்கார்டுல ஒரு ஃபீல்டைச் சேத்து மாட்யூலை மட்டும் ஏத்துனா, அது உள்ளுக்குள்ள வெறும் டியூபிள்தானே, அடுத்த மெசேஜிலயே பேட்ரெக்கார்டுன்னு விழும்.

ரெண்டு எச்சரிக்கை. நிலைக்குள்ள ஒரு ஃபன் (பேரில்லாத ஃபங்ஷன்) வச்சிருந்தா அது பிறந்த பதிப்போட கட்டிப்போட்டது. ரெண்டாவது அப்டேட்டுல புராசஸ் சாகிறதுக்கு அதுவே காரணமாயிரும். ஈடிஎஸ் டேபிள்ல (நினைவகத்துல உள்ள தனி அட்டவணை) கெடக்கிற ரெக்கார்டுகளை கோட்_சேஞ்ச் தொடாது, நீங்களா நடந்து போய் மாத்தணும்.

ஆழ்வார்க்குறிச்சி

அக்கா சொன்ன 'நிறுத்துதல்' ஏன் வேண்டும் என்பதை ஸ்மால்டாக் பக்கம் இருந்து காட்டுகிறேன்.

ஸ்குவீக், ஃபாரோ என்ற ஸ்மால்டாக் சூழல்களில் ஒரு இன்ஸ்டன்ஸ் வேரியபிளைச் சேர்த்தால் சிஸ்டமே எல்லாவற்றையும் செய்துவிடும்: புதிய வடிவில் கிளாஸ், அதன் மற்றும் துணைக் கிளாஸ்களின் மெத்தட்கள் மறுபடி கம்பைல், ஒவ்வொரு பழைய ஆப்ஜெக்ட்டுக்கும் புதிய வடிவில் ஒரு பிரதி, பிறகு பிகம். பழைய ஆப்ஜெக்ட்டைக் காட்டிக்கொண்டிருந்த எல்லாச் சுட்டிகளும் ஒரே அடியில் புதியதைக் காட்டும். பைத்தானில் இந்தப் பிகம் இல்லை, அதனால்தான் ஸ்லாட்ஸ் போட்ட கிளாஸ் அங்கே இவ்வளவு கஷ்டம். புதிய வேரியபிள் நில் ஆக இருக்கும். அதை நிரப்ப ஆல்இன்ஸ்டன்சஸ் என்று சுற்றினால் துணைக் கிளாஸ்களின் ஆப்ஜெக்ட்டுகள் அதில் வராது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் மெத்தட் பாதியில் நிற்கும்போது வடிவம் மாறினால், ஸ்டாக்கில் உள்ளது பழைய கம்பைல் செய்த மெத்தட். அது முடியும்வரை பழைய கோடுதான் ஓடும். உங்கள் புரோக்ராமில் அதே இடம் இது:

மதிப்பு = அவெய்ட் செல்ஃப்.படி()
செல்ஃப்.திறன் = மதிப்பு

முதல் வரியில் டாஸ்க் தூங்குகிறது. அந்த நேரத்தில் நீங்கள் __கிளாஸ்__ திருப்பி, பெருக்கி முடித்துவிட்டீர்கள். பிறகு பதில் வருகிறது: 187.5 கிலோவாட். இரண்டாம் வரி ஓடுகிறது, அது பழைய கோடு. பெயரை மாற்றாமல் இருந்தால் புதிய கிளாஸ் அதை 187.5 வாட் என்று படிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு. பொருநைக்கரை சொன்னபடி பெயரை மாற்றியிருந்தால், யாரும் படிக்காத 'திறன்' என்ற உதிரிப் பண்பு ஒன்று ஆப்ஜெக்ட்டில் ஒட்டும். ஒரு அளவீடு மட்டும் போகும், கணக்கு கெடாது.

48 ஆப்ஜெக்ட்டுக்கு லிஸ்ப் மாதிரி 'தொடும்போது மாற்று' முறை தேவையில்லை. இலட்சக்கணக்கில் இருந்தால் அது நல்லது, ஒரே நேரத்தில் பிரதி எடுக்கும் நினைவகச் சுமை வராது. இங்கே ஒரே மூச்சில் மாற்றுவதே தெளிவு.

பணகுடிக்காத்து

இப்ப புரியுது. திட்டம் இப்படிப் போட்டிருக்கேன்:

மெயின் கோப்புல ஒரு சின்ன லூப். அது மாறவே மாறாது. ஒவ்வொரு சுத்துலயும் 'நிறுத்து' கொடி இருக்கான்னு பாத்துட்டு மிஷின்.ஒரு_சுற்று()னு கூப்பிடும். பேரைச் சொல்லிக் கூப்பிடுறதால __கிளாஸ்__ திரும்பினதும் அடுத்த சுத்து புதுசுக்குப் போயிரும். கொடி போட்டா 48-ம் சுத்து முடிஞ்ச இடத்துல நிக்கும். எல்லாம் நின்னதும், அவெய்ட் இல்லாத ஒரே ஃபங்ஷன்ல மாத்தம். பொறவு கொடியை எடுக்கிறது. சரியா?

குறுக்குத்துறை

அடுத்த தடவைக்கு மிகச் சரி. ஆனால் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் புராசஸில் அந்த லூப் இல்லையே. இப்போது சுற்றும் வைல் ட்ரூ லூப் எங்கே இருக்கிறது?

பணகுடிக்காத்து

கிளாஸுக்குள்ள, 'ஓடு'ங்கிற மெத்தட்லதான். ஃபைனலியில இணைப்பை மூடுற வரியும் இருக்கு. பிளாக் டைமரும் அங்கனயே: கால்_லேட்டர் 900 (செகண்ட்), செல்ஃப்.பிளாக்_முடி.

குறுக்குத்துறை

அப்படியென்றால் மூன்று முடிச்சு.

லூப்: 'ஓடு' என்ற கோரூட்டீன் (இடையில் நின்று மறுபடி தொடரும் ஃபங்ஷன்) பழைய கோடாகவே சாகும்வரை சுற்றும், __கிளாஸ்__ திருப்புவதால் அது மாறாது. அந்த 48 டாஸ்க்கையும் கேன்சல் செய்து புதிய டாஸ்க் தொடங்கியே ஆக வேண்டும். கேன்சல் செய்தால் ஃபைனலி ஓடும், இணைப்பு மூடும், நீங்கள் பயந்த அதே நிலைமை வரும். தவிர்க்க வழி: கேன்சலுக்கு முன் செல்ஃப்.இணைப்பில் உள்ள உண்மையான ரைட்டரை (இணைப்பில் எழுதும் முனையை) வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, குளோஸ், வெயிட்_குளோஸ்ட் என்று இரண்டு மெத்தட் மட்டும் உள்ள ஒரு பொம்மையை அங்கே வையுங்கள். ஃபைனலி செல்ஃப்.இணைப்பு என்று அந்த நேரத்தில்தான் தேடும், பொம்மையை மூடும். உள்ளூர் மாறியில் எடுத்து வைத்திருந்தால் இந்த வழி பலிக்காது, கோடைப் பாருங்கள். டாஸ்க் முடிந்ததும் உண்மையானதைத் திருப்பி வையுங்கள். ரீடரும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேன்சல் செய்யும் நொடி: ரீட்எக்ஸாக்ட்லி காத்திருக்கும்போது கேன்சல் செய்தால் பாதி வந்த பைட்டுகள் பஃபரிலேயே பத்திரமாக இருக்கும். ஆனால் 7 பைட் தலைப்பைப் படித்து முடித்து, உடலுக்காகக் காத்திருக்கும்போது கேன்சல் செய்தால் தலைப்பு போய்விட்டது. பஃபரில் தலையில்லாத உடல் வந்து விழும். அடுத்த படிப்பு அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். ஆகவே ஸ்லீப்பில் இருக்கும் டாஸ்க்கை மட்டும் கேன்சல் செய்யுங்கள். கோரூட்டீனின் சிஆர்_அவெய்ட் (எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் பண்பு) சங்கிலியைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் ஸ்லீப்பில் நிற்கிறதா, படிப்பில் நிற்கிறதா என்று தெரியும். 2 செகண்டில் பெரும்பகுதி தூக்கம்தானே. படிப்பில் இருப்பவற்றை விட்டுவிட்டு 100 மில்லிசெகண்ட் கழித்து மறுபடி சுற்றுங்கள்.

டைமர்: செல்ஃப்.பிளாக்_முடி என்று கொடுத்த அந்த நொடியில் பழைய ஃபங்ஷனும் ஆப்ஜெக்ட்டும் சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டன. அக்கா சொன்ன எர்லாங் ஃபன் மாதிரியேதான். மாற்றம் முடிந்து 15 நிமிடம் வரைக்கும் பழைய கோடு ஒன்று காத்திருக்கும். டைமர் ஹேண்டிலை வைத்திருக்கிறீர்களா?

பணகுடிக்காத்து

செல்ஃப்.டைமர்ல இருக்கு அண்ணாச்சி. இணைப்பை உள்ளூர் மாறியில வைக்கல, எல்லா இடத்துலயும் செல்ஃப்.இணைப்புதான். ரீடர் செல்ஃப்.ரீடர்.

குறுக்குத்துறை

நல்லது. ஹேண்டிலின் வென்() கொடுக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு, பழையதைக் கேன்சல் செய்து, கால்_அட்டில் அதே நேரத்தைப் போடுங்கள். மறுபடி 900 போட்டால் எல்லை நகர்ந்துவிடும்.

உள்ளே நுழைய 3.14-இல் சிஸ்.ரிமோட்_எக்ஸெக் இருக்கிறது: புராசஸ் எண்ணும் ஸ்கிரிப்ட் கோப்பின் பாதையும் கொடுத்தால் மெயின் த்ரெட்டில் ஓட்டும். அழைக்கும் பைத்தானும் 3.14-ஆக இருக்க வேண்டும், ரூட் அல்லது பீட்ரேஸ் (இன்னொரு புராசஸுக்குள் நுழையும்) அனுமதி வேண்டும். அழைப்பு உடனே திரும்பிவிடும், ஸ்கிரிப்ட் அப்போது ஓடியிருக்காது, கோப்பை அழித்துவிடாதீர்கள். முக்கியமானது: அது ஏதோ ஒரு மெத்தட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவில்கூட ஓடலாம். அங்கேயே ஆப்ஜெக்ட்டுகளை மாற்றக் கூடாது. லூப்பின் கால்_சூன்_த்ரெட்சேஃபில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

வண்ணார்பேட்டை_டிபிஏ

சாக்கெட் ஒப்படைக்கும் வழியையும் பாதி எழுதி வைக்கச் சொல்வேன், திரும்பிப் போக வழியாக. மாற்றும் ஃபங்ஷன் ஒன்றே இருக்கட்டும்: உள்ளே போவது ஒரு அகராதியும் பதிப்பு எண்ணும், வெளியே வருவது அடுத்த பதிப்பின் அகராதி. ஆப்ஜெக்ட்டை மாற்றும்போதும் அதைக் கூப்பிடுங்கள், ஜேசனைப் படிக்கும்போதும் அதையே கூப்பிடுங்கள். டேபிளில் இந்தக் காலத்தை மாற்றும்போதும் பொருநைக்கரை சொன்ன விதிதான்: திறன்_வாட் என்று புதிய காலம் சேர், இரண்டிலும் எழுது, பழையதை நிரப்பு, படிப்பவர்கள் நகர்ந்த பிறகு பழையதை நீக்கு. போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து நிலையான டிஃபால்ட்டுடன் காலம் சேர்த்தால் டேபிள் முழுவதும் திருப்பி எழுதப்படுவதில்லை. ஆனாலும் லாக்_டைம்அவுட் 2 செகண்ட் வையுங்கள். நீளமான செலக்ட் ஒன்று முன்னால் நின்றால் ஆல்டர் காத்திருக்கும், ஆல்டருக்குப் பின்னால் உங்கள் 48 இன்செர்ட்டும் வரிசையில் நின்றுவிடும்.

தச்சநல்லூர்க்காரி

நேரத்தையும் பாத்துக்கிடுங்க. பிளாக் தொடங்கி 5 நிமிஷம் கழிச்சு ஆரம்பிங்க. எல்லை டைமருக்கு 10 நிமிஷம் இருக்கும், முந்தின பிளாக் பதிவு டிஸ்குல உக்காந்திருக்கும். தொடக்க எண்ணிக்கு அதான் வேணும்.

பணகுடிக்காத்து

வரிசையை எழுதுதேன், தப்பிருந்தா சொல்லுங்க.

1. 48 ஆப்ஜெக்ட்டோட மதிப்பை பதிப்பு 1-ன்னு ஜேசனா எழுதுறது.
2. ரீலோட். புது கிளாஸ் சும்மா இருக்கும், யாரும் தொடல.
3. தூக்கத்துல உள்ள டாஸ்க்கா பாத்து, ரைட்டரை எடுத்துட்டு பொம்மை வச்சு, கேன்சல். 48-ம் முடியுற வரைக்கும் சுத்து. கேன்சல் ஆனதும் உடனே புதுசைத் தொடங்காம, டாஸ்க் உண்மையிலேயே முடிஞ்சிருச்சான்னு பாக்கிறது.
4. அவெய்ட் இல்லாத ஒரே ஃபங்ஷன்: ரைட்டரைத் திருப்பி வை, மாத்தும் ஃபங்ஷனைக் கூப்பிடு, பழைய பேருகளை அழி, __கிளாஸ்__ திருப்பு, டைமரை அதே நேரத்துக்கு மாத்து, எண்ணியைப் பதிவுல இருந்து போடு.
5. மெயின் லூப்பில் 48 புது டாஸ்க்.

ஆழ்வார்க்குறிச்சி

மொத்தத் திறனைக் கூட்டும் டாஸ்க் ஏதாவது தனியாக ஓடுகிறதா? மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் அது பழைய மதிப்பையே பார்க்கும், பரவாயில்லை. ஆனால் அந்த டாஸ்க்கின் கோடு 'திறன்' என்று படித்தால் நான்காம் படிக்குப் பிறகு அட்ரிபியூட்எர்ரரில் சாகும். அதையும் பட்டியலில் சேர்த்து 49 ஆக்குங்கள். நான்காம் படியில் மாற்றும் ஃபங்ஷன் 48-க்கும் முதலில் அகராதியாகக் கணக்கிட்டு முடிக்கட்டும். எல்லாம் சரியாக வந்த பிறகே ஆப்ஜெக்ட்டில் எழுதுங்கள். 31-ஆவது மிஷினில் கடைசி_நேரம் நன் ஆக இருந்து எர்ரர் வந்தால், 30 வாட்டிலும் 18 கிலோவாட்டிலும் நிற்கும்.

பணகுடிக்காத்து

கூட்டுற டாஸ்க் ஒண்ணு இருக்கு, நான் மறந்தே போயிருந்தேன். சேத்துட்டேன். ரெண்டு மிஷின் பராமரிப்புல நிக்கி, அதுக்கு கடைசி_நேரம் நன்தான்.

பொருநைக்கரை

அப்படியென்றால் நன் வந்தால் நன்னாகவே விட வேண்டும், கழிக்கப் போகக் கூடாது. நிற்கிற மிஷினின் டாஸ்க் இணைப்பே இல்லாமல் மறு இணைப்புக்காகத் தூங்கலாம். அங்கே ரைட்டரும் நன்னாக இருக்கும். பொம்மை வைக்கும் இடத்தில் அதையும் பாருங்கள்.

முதல் பிளாக் முடியும்போது ஒரு சோதனை போதும். 250 கிலோவாட் மிஷின் முழுத் திறனில் கால் மணி ஓடினால் 62.5 யூனிட். அதைத் தாண்டினால் தொடக்க எண்ணி தப்பு. 'திறன்' என்ற உதிரிப் பண்பு எந்த ஆப்ஜெக்ட்டிலாவது மறுபடி முளைத்திருக்கிறதா என்று 48-இன் __டிக்ட்__-ஐயும் ஒரு தடவை பாருங்கள். முளைத்திருந்தால் கேன்சல் ஆகாத டாஸ்க் ஒன்று இன்னும் இருக்கிறது.